லேசர்ல வெட்டின ஓரத்துல மட்டும் பெயிண்ட் உரியுது, காரணம் என்னங்க?

#1 பெருந்துறை_ஃபேப்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பெருந்துறையில சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வெச்சிருக்கோம். தீவனம் வெட்டுற மிஷினுக்கு பாடி, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, தோட்டத்துல மாட்டுற பேனல் பெட்டி, இதுதான் வேலை. முன்ன ஷியரிங், பஞ்சிங்னு ஓட்டிட்டு இருந்தோம். இப்ப 3 மி.மீ எம்.எஸ் (சாதா இரும்பு) ஷீட் எல்லாம் வெளிய லேசர் ஜாப் ஒர்க்குக்குக் குடுத்து வாங்கறோம்.

பீஸ் அளவு சுத்தமா வருது, அதுல குறையே இல்ல. ஆனா பவுடர் கோட்டிங் (பவுடரை அடிச்சு, சூட்டுல உருக்கி ஒட்டற பெயிண்ட்) அடிச்சு அனுப்பி ஒரு மழை பேஞ்சு முடிஞ்சா, வெட்டின ஓரத்துல மட்டும் பெயிண்ட் கிளம்பிருது. முகப்புல ஒரு கொப்புளம் கூடக் கிடையாது. ஓரத்துல நகத்தை வெச்சு நெம்பினா நீளமா உரிஞ்சு வருது. உரிஞ்சதைத் திருப்பிப் பாத்தா, உள்பக்கம் கருப்பா, கண்ணாடியாட்டம் மெல்லிசா ஒரு படலம் ஒட்டிட்டு இருக்குது. அடியில இரும்பு பளிச்சுன்னு தெரியுது.

கோட்டிங்காரர் லேசர்க்காரரைச் சொல்றாரு, லேசர்க்காரர் கோட்டிங்காரரைச் சொல்றாரு. இடையில நாங்க கஸ்டமருக்குப் பதில் சொல்லிட்டு இருக்கோம். 12 மி.மீ பேஸ் பிளேட்டுல அடியில பர் (உருகி ஒட்டின பிசிறு) வேற பலமா நிக்குது. இந்த லேசர் உள்ள என்னதான் பண்ணுதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொன்னீங்கன்னா, யார்கிட்ட என்ன கேக்கறதுன்னாவது தெரியும்.

#2 கணபதி_ஆபரேட்டர்

எந்த கேஸ்ல வெட்டினாங்கன்னு கேட்டீங்களா? ஓரம் வெள்ளையா இருக்குதா, கருஞ்சாம்பலா இருக்குதா?

#3 பெருந்துறை_ஃபேப்

போன் போட்டுக் கேட்டேங்க. ஆக்சிஜனாம். ஓரம் கருஞ்சாம்பல்தான்.

#4 கணபதி_ஆபரேட்டர்

அப்ப விஷயம் அங்கதான் இருக்குதுங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையாப் படிங்க.

லேசர் கட்டிங்ல வெட்டறது ரெண்டு பேர்: ஒளியும் கேஸும். ஃபைபர் லேசர்ல சோர்ஸ்ல இருந்து கண்ணாடி இழை வழியா ஒளி தலைக்கு வருது. அங்க லென்ஸ் அதைக் குவிச்சு, சுமாரா 0.1 மி.மீ அகலமுள்ள ஒரு புள்ளியில இறக்குது. 3 கிலோவாட் பவர் மொத்தமும் அந்தப் புள்ளியில இறங்கினா இரும்பு உருகாம என்ன பண்ணும்? 1538 டிகிரியில உருகிரும். ஆனா உருகினது அங்கயே நின்னா மறுபடி உறைஞ்சு ஒட்டிக்கும். அதைக் கீழ தள்ளித்தான் ஆகணும். தலை நுனியில இருக்கற நாசில் வழியா கேஸ் அடிக்கறது அதுக்குத்தான்.

கேஸ்ல ரெண்டு வழி இருக்குதுங்க. நைட்ரஜன் இரும்போட சேராது, 10 பாருக்கு மேல பிரஷர்ல வந்து உருகினதை அடிச்சு வெளிய தள்ளும், அவ்வளவுதான். ஓரம் வெள்ளையா, வந்த நிறத்துலயே நிக்கும். ஆக்சிஜன் அப்படி இல்ல. சூடான இரும்பு ஆக்சிஜன்ல எரியும். எரியறப்ப அதுவே சூடு குடுக்கும். வெட்டறதுக்கு வேணுங்கற சூட்டுல பெரும் பங்கு அந்த எரிச்சல்ல இருந்தே வந்துருது. அதனாலதான் சின்ன பவர் மிஷின் கூட கனமான பிளேட்டை ஆக்சிஜன்ல வெட்டிப் போடும். கனமான பிளேட்டுக்குப் பிரஷர் 1 பாருக்குக் கீழ போதும், கேஸ் செலவு குறைவு. ஜாப் ஒர்க் கடைகள்ல எம்.எஸ்னா யோசிக்காம ஆக்சிஜன் போடறதுக்கு இதுதான் காரணம்.

ஆனா எரிஞ்ச இரும்பு என்ன ஆகும்? இரும்பு ஆக்ஸைடு. உங்க பெயிண்ட்டுக்கு உள்பக்கம் ஒட்டிட்டு வந்த கருப்புப் படலம் அதேதாங்க. பவுடர் படலத்தை நல்லாத்தான் பிடிச்சிருக்குது. படலம் இரும்பைப் பிடிக்கல. மழைத் தண்ணி அந்த இடுக்குல இறங்கினதும் ரெண்டும் சேந்து கிளம்பிருது. கோட்டிங்காரர் மேல தப்பு சொல்ல முடியாது. வெட்டினவரும் உங்க டிராயிங்ல இருக்கறதைத்தான் வெட்டினாரு. ஓரத்துக்கு மேல பவுடர் வருதுன்னு அவருக்கு யாரும் சொல்லல.

இனி ஆர்டர் குடுக்கறப்ப, வெட்டின ஓரத்துக்கு அப்புறம் என்ன வேலை நடக்கப் போகுதுன்னு எழுதிக் குடுங்க. பவுடர் கோட்டிங்கா, வெல்டிங்கா, கை படற இடமா, இல்ல உள்ள மறைஞ்சிருமா? எந்த கேஸ், எந்த வேகம், எந்த ரேட்டுங்கறது எல்லாம் அதை வெச்சுத்தான் முடிவாகணும். எங்க கிட்ட வர்ற பத்து டிராயிங்ல ஒண்ணுல கூட இது இருக்காது. எனக்கு இது பெரிய வருத்தம்.

3 மி.மீக்கு நைட்ரஜன் தாராளமா ஓடும். ரேட்டு கட்டுபடி ஆகலைன்னா கம்ப்ரெஸ்டு ஏர்ல வெட்டச் சொல்லுங்க. காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தானுங்க. ஓரம் லேசா மங்கும், ஆனா ஆக்சிஜன்ல வர்ற அத்தாச்சோட்டுப் படலம் வராது. ஒண்ணு மட்டும் கவனிக்கணும்: காத்துல எண்ணெயும் ஈரமும் துளி கூட இருக்கக் கூடாது. டிரையர், ஃபில்டர் சரியில்லாத கடையில ஏர் கட்டிங் குடுத்தா, லென்ஸைக் காக்கற அவங்க புரொடெக்‌ஷன் கிளாஸும் போகும், உங்க ஓரமும் போகும்.

ஏற்கனவே ஆக்சிஜன்ல வெட்டி அடுக்கி வெச்சிருக்கற பீஸுக்கு ஓரத்தை பெல்ட்டுலயோ பிரஷ்லயோ ஓட்டி வெள்ளை இரும்பு தெரிய வைங்க. ஷாட் பிளாஸ்டிங் இருந்தா இன்னும் நல்லது. கோட்டிங்குக்கு முன்ன கழுவற ஏழு தொட்டி பிராசஸ்ல துரு எடுக்கற டீரஸ்டிங் ஆசிட் இருக்குதேன்னு விட்டுராதீங்க, அவசரமா முக்கி எடுத்தா இந்தப் படலம் போகாது. கூடவே கூர் முனையையும் லேசா மழுக்கி விடுங்க. கூரான விளிம்புல பவுடர் உருகறப்ப ரெண்டு பக்கமும் ஒதுங்கிக்கும், கனம் நிக்காது.

12 மி.மீ பர் தனிக் கதை. பொழுதோட வந்து எழுதறேன்.

#5 ரிக்_செங்கோடு

தம்பி நல்லாச் சொல்லியிருக்கீங்க. ஆனா ஒண்ணு. எங்க திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் வண்டிக்கு சேஸிஸ் பிராக்கெட், மாஸ்ட் பிளேட் எல்லாம் 16, 20, 25 மி.மீ. காலங்காலமா கேஸ் கட்டிங் (கேஸ் நெருப்புல வெட்டறது), அப்புறம் பிளாஸ்மா (மின்சார ஆர்க்ல வெட்டறது), ஓட்டைக்கு ரேடியல் டிரில். வேலை நிக்குது, வண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகுது. இப்ப எல்லாரும் லேசர் லேசர்னு ஓடறாங்க. கனமான பிளேட்டுக்கு அது எச்சுச் செலவுன்னுதான் எனக்குப் படுது.

#6 கணபதி_ஆபரேட்டர்

கனமான பிளேட்டுல நீங்க சொல்றதுல நியாயம் இருக்குதுங்கண்ணா. ஓரத்துல வெல்டிங்தான் வரப்போகுதுன்னா 25 மி.மீயைப் பிளாஸ்மாவுல வெட்டறது தப்பே இல்ல. 50 மி.மீக்கு மேல கேஸ் கட்டிங்தான். பெரிய பவர் ஃபைபர் மிஷின் 25 மி.மீயை வெட்டும், ஆனா அந்த மிஷின் விலைக்கு வேலை வேணும்.

வித்தியாசம் எங்க வருதுன்னா, ஓட்டையில. பிளாஸ்மாவுல வெட்டுத் தடமே 2, 3 மி.மீ அகலம், ஓரம் சாய்வா வேற இருக்கும், போல்ட் ஓட்டை மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு. லேசர்ல தடம் 3 மி.மீ ஷீட்டுல 0.2 மி.மீ பக்கம்தான். 10, 12 மி.மீ பிளேட்டுல போல்ட் ஓட்டை டிரில் தொடாம நேரா அசெம்ப்ளிக்குப் போகும். ரேடியல் டிரில்ல மார்க்கிங் பண்ணி, பஞ்ச் வெச்சு, பைலட் போட்டுன்னு போற நேரத்தைக் கணக்குல சேத்துப் பாருங்கண்ணா.

பர் விஷயத்துக்கு வர்றேன். 12 மி.மீ ஆக்சிஜன் கட்டிங்ல அடியில ஸ்லாக் ஒட்டுதுன்னா நாங்க முதல்ல பாக்கறது தீப்பொறியை. கட்டிங் ஓடறப்ப ஷீட்டுக்கு அடியில பொறி நேரா கீழ விரிஞ்சு விழணும். பொறி பின்னால சாஞ்சு போச்சுன்னா வேகம் எச்சு, அடிப்பக்கம் வெட்டு பின்தங்குது. பொறி விரியாம கொத்தா, கம்மியா விழுந்தா வேகம் பத்தல, சூடு அங்கயே தேங்குது. வெட்டி எடுத்த ஓரத்துலயும் இது எழுதியிருக்கும். நெருக்கமா நேரா கோடு இருந்தா வேகம் சரி. கோடு கீழ போகப் போகப் பின்னால வளைஞ்சா வேகத்தைக் குறைக்கணும்.

அடுத்தது நாசில். நாசில் முனை லேசா நசுங்கி இருந்தாலும் கேஸ் ஒரு பக்கமா அடிக்கும். ஒரே பீஸ்ல மூணு பக்கம் சுத்தமா வந்து, ஒரு பக்கம் மட்டும் பர் நிக்குதுன்னா கண்ணை மூடிட்டு நாசில் சென்டரைச் சந்தேகப்படலாம். செலோடேப் துண்டு ஒண்ணை நாசில் வாய்ல ஒட்டி, ஒரே ஒரு பல்ஸ் விட்டு, டேப்பை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. நாசில் வாயோட வட்ட அச்சு டேப்புல விழுந்திருக்கும். லேசர் சுட்ட சின்ன ஓட்டை அந்த வட்டத்துக்கு நடு மத்தியில இருக்கணும். ஒதுங்கி இருந்தா தலையில இருக்கற ஸ்குரூவைத் திருப்பி நடுவுக்குக் கொண்டு வரணும். ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப இதைப் பண்ணாத ஆபரேட்டர் கையில மிஷினைக் குடுக்கக் கூடாதுங்கறது என் கருத்து.

காலையில நல்லா வெட்டி, ஒரு மணி நேரம் போனதும் வெட்டு கெட்டுப் போகுதுன்னா புரொடெக்‌ஷன் கிளாஸைக் கழட்டி லைட்டுக்குச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. கடுகுல கால்வாசி கரும்புள்ளி இருந்தாலும் போதும். அது ஒளியை உறிஞ்சிச் சூடாகும், ஃபோகஸ் (ஒளி குவியற இடம்) நகந்துரும். ஃபோகஸும் கேஸுக்குத் தகுந்தது: கனமான எம்.எஸ் ஆக்சிஜன்ல வெட்டறப்ப ஷீட்டுக்கு மேல வைப்போம், எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நைட்ரஜன்ல வெட்டறப்ப ஷீட்டுக்குள்ள இறக்குவோம்.

இதெல்லாம் சரியா இருந்தும் பர் வந்தா, பிளேட்டைப் பாருங்க. வெயில் மழையில கெடந்து துரு செதில் செதிலா ஏறின பிளேட்டை எந்த மிஷினும் சுத்தமா வெட்டாது.

#7 ரிக்_செங்கோடு

ஓட்டைக் கணக்கு சரிதான் தம்பி. ஆனா டேப் போடற (மரை வெட்டற) ஓட்டையை லேசர்ல போட்டு வாங்கினோம், டேப் உடைஞ்சுக்கிட்டே இருந்துது. அதுக்கு என்ன சொல்றீங்க?

#8 கோடும்_புள்ளியும்

இதுக்கு நான் பதில் சொல்றேங்ணா. கோயமுத்தூர்ல டிசைன் ஆபீஸ்ல டிராயிங்தான் என் வேலை. லேசர் வெட்டின உடனே பக்கத்து உலோகம் சட்டுன்னு ஆறுது. கார்பன் எச்சா இருக்கற ஸ்டீல்ல அந்த ஓரம் கடினமாயிரும், டேப் பல்லு தாங்காது. எம்8 டேப்புக்கு ஓட்டை 6.8 மி.மீ. அதை 12 மி.மீ பிளேட்டுல லேசர்லயே போடச் சொன்னா, ஓட்டை கனத்தை விடச் சின்னது, சூடு போக இடம் இல்லாம உள்சுவர் குதறிரும். பிளேட் கனத்துக்குக் குறைவான ஓட்டைன்னா லேசர்ல மையப்புள்ளி மட்டும் போட்டு வாங்கிட்டு நீங்க டிரில் பண்ணிக்குங்க. மார்க்கிங் வேலை மிச்சம், டேப்பும் உடையாது.

டிராயிங் குடுக்கறவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். லேசர் தடத்தோட அகலத்தை சாஃப்ட்வேரே கணக்குப் பண்ணி ஒதுக்கிக்கும். நீங்களும் டி.எக்ஸ்.எஃப்ல (டிராயிங் ஃபைல்ல) ஒரு தடவை ஒதுக்கிட்டா அளவு ரெண்டு தடவை மாறிரும். ஒரே கோடு ரெண்டு தடவை மேல மேல விழுந்திருந்தா மிஷின் ரெண்டு தடவை வெட்டும், ஓரம் போச்சு. கோடு எங்கயாவது மூடாம இருந்தாலும் புரோகிராம் பண்றவர் நேரம்தான் வீண்.

வளைக்கிற பீஸ்னா விரிச்ச அளவை, பெண்டிங் எங்க பண்ணப் போறீங்களோ அவங்களைக் கேட்டுப் போடுங்க. 3 மி.மீ ஷீட்டுக்கு வழக்கமா 24 மி.மீ வி டை (ஷீட்டை அமுக்கி வளைக்கற வி வடிவ அச்சு). உள் ரேடியஸ் 4 மி.மீ பக்கத்துல வரும். அவங்க கிட்ட வேற டை இருந்தா நீளம் மாறும், பெட்டி மூடி உக்காராது.

வீட்டு கேட்டுக்கும் கடை போர்டுக்கும் எழுத்து வெட்டறவங்க இப்ப நிறைய. தமிழ் எழுத்துல ண, ன சுழிக்குள்ள இருக்கற துண்டு வெட்டினதும் கீழ விழுந்துரும், சுழி வெறும் ஓட்டையாயிரும். ரெண்டு இடத்துல சின்னப் பாலம் விட்டு வரையணும். பாலம் எங்க விழுந்தா எழுத்து அழகு கெடாதுன்னு பாத்துப் பாத்து வரையறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை.

#9 பின்னல்_நகர்

நான் திருப்பூர்ங்க. இங்க லேசர்னா துணிதான். பாலியஸ்டர்ல பிரிண்ட் போட்ட ஸ்போர்ட்ஸ் ஜெர்சியை லேசர்ல வெட்டறாங்க, காட்டனுக்கு இன்னும் ஸ்ட்ரெய்ட் நைஃப்தான். அதே மிஷின்ல காட்டனை அடுக்கி வெட்டினா என்னன்னு முதலாளி கேக்கறாரு. முடியுமா? உங்க இரும்பு மிஷினும் இதுவும் ஒண்ணா?

#10 கோடும்_புள்ளியும்

வேற வேறங்க. துணி, மரம், அக்ரிலிக்குக்கு சிஓ2 லேசர். அதோட அலைநீளம் 10.6 மைக்ரான், இந்த மாதிரி பொருள் அதை நல்லா உறிஞ்சும். இரும்பு வெட்டற ஃபைபர் 1.07 மைக்ரான் பக்கம். அந்த ஒளி நிறமில்லாத அக்ரிலிக்கை ஊடுருவிப் போயிரும், அக்ரிலிக் அப்படியே நிக்கும். செம்பு, பித்தளைக்கு நேர் எதிர். சிஓ2 ஒளியைச் செம்பு அப்படியே திருப்பி அனுப்பும். ஃபைபர் ஒளியைக் கொஞ்சம் கூடுதலா உள்ள வாங்கறதாலதான் இப்ப செம்பு பஸ்பார் எல்லாம் லேசர்ல வருது.

பாலியஸ்டர் உருகற நூல். வெட்டறப்பவே ஓரம் உருகி ஒட்டி சீல் ஆயிரும், நூல் பிரியாது. காட்டன் உருகாது, எரியும். ஒத்தை மடிப்புல லேசாப் பழுப்பேறும், அடுக்கி வெச்சா கருகும், தீப்பிடிக்கவும் வழி இருக்குது. முதலாளி கிட்ட வேண்டாம்னு சொல்லிருங்க.

#11 பஸ்பாடி_கரூர்

துணின்னதும் கேக்கறேன். பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் வெட்டிக்கலாமா சிஓ2ல?

#12 கணபதி_ஆபரேட்டர்

கூடவே கூடாதுங்க. ரெக்ஸின் பெரும்பாலும் பி.வி.சி பூச்சு. பி.வி.சியைச் சுட்டா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோட சேந்தா அது ஆசிட். நெஞ்சும் எரியும், மிஷின் ரெயில், லென்ஸ் எல்லாம் அரிச்சுரும். பி.வி.சின்னு சந்தேகம் வந்தாலே கத்தியில வெட்டுங்க.

#13 பாலிடெக்னிக்_பையன்

அண்ணா, அக்கா, இதைப் படிச்சிட்டுப் புத்தகத்துல தேடினேன். முதல் லேசர் 1960ல மெய்மன் பண்ணினது, ரூபி லேசர். சிஓ2 லேசரை 1964ல பெல் லேப்ஸ்ல கண்டுபிடிச்சது குமார் படேல், மகாராஷ்டிராவுல பாராமதியில பொறந்தவர். லேசரோட ஆக்சிஜன் சேத்து 1 மி.மீ ஸ்டீல் வெட்டிக் காட்டினது 1967ல, இங்கிலாந்து வெல்டிங் இன்ஸ்டிட்யூட்ல ஹோல்ட்கிராஃப்ட். நீங்க இப்பவும் போடற ஆக்சிஜன் கட்டிங் அங்க இருந்தே வர்றதுன்னு நெனச்சா சந்தோஷமா இருக்குது.

#14 பெருந்துறை_ஃபேப்

நெம்ப நன்றிங்க எல்லாருக்கும். அடுத்த லாட்டு டிராயிங்ல “வெட்டின ஓரத்துல பவுடர் கோட்டிங் உண்டு, நைட்ரஜன் அல்லது ஏர்” னு எழுதியே குடுத்தேன். ரேட்டு கொஞ்சம் ஏத்திக் கேட்டாங்க, ஒத்துக்கிட்டேன். ஓரம் வெள்ளையா வந்திருக்குது. கோட்டிங் அடிச்சதும் கத்தியால கட்டம் கட்டமாக் கீறி டேப் ஒட்டி இழுத்துப் பாத்தோம், கிளம்பல. மழைக்காலம் தாண்டட்டும், அப்புறம் உறுதியாச் சொல்றேன்.

பேனல் பெட்டியை ஜி.ஐ (துத்தநாகம் பூசின இரும்பு) ஷீட்டுலயே பண்ணிட்டா என்னன்னு ஒரு யோசனை. லேசர்ல வெட்டலாமுங்களா?

#15 சேலம்_எஸ்எஸ்

வெட்டலாம்ங்க, ஜி.ஐக்கும் நைட்ரஜனோ ஏரோ போடச் சொல்லுங்க. ஆனா துத்தநாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிரும், இரும்பு உருகறதுக்கு நெம்ப முன்னாடியே. அதனால ஓரத்துல பூச்சு இருக்காது. அந்தப் புகையை உறிஞ்ச டஸ்ட் கலெக்டர் ஒழுங்கா ஓடணும். ஓடாத கடையில வேலை செய்யற பசங்களுக்கு பொழுதாச்சுன்னா குளிர் காய்ச்சல் வரும். துத்தநாகப் புகை குடிச்ச காய்ச்சல் அது.

டஸ்ட் கலெக்டர்னதும் இன்னொண்ணு. அலுமினியமும் இரும்பும் ஒரே மிஷின்ல மாத்தி மாத்தி வெட்டறவங்க ரெண்டு தூசியையும் ஒரே டப்பாவுல சேர விடாதீங்க. அலுமினியத் தூசி தனியாவே வெடிக்கும். இரும்பு ஆக்ஸைடோட கலந்து ஒரு பொறி விழுந்தா அணைக்கவே முடியாது.

#16 பாலிடெக்னிக்_பையன்

அண்ணா, நான் பார்ட் டைம் போற பட்டறையில கையில பிடிக்கிற லேசர் வெல்டிங் மிஷின், 1.5 கிலோவாட், புதுசா வாங்கியிருக்காங்க. கட்டிங் மிஷினாட்டம் மூடி எதுவும் இல்ல. ஆர்க் வெல்டிங் கண்ணாடியே போதும்னு சொல்றாங்க. போதுமாங்ணா?

#17 கணபதி_ஆபரேட்டர்

போதாது தம்பி. நல்லவேளை கேட்ட. கட்டிங் மிஷின் மூடி போட்டிருக்கறதால பக்கத்துல நின்னு பாக்க முடியுது. உன் கையில இருக்கறது திறந்த வெளியில வர்ற அதே ஒளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள லென்ஸ் அதை விழித்திரையில குவிச்சுரும். எஸ்.எஸ் ஷீட்டுல பட்டுத் தெறிச்சு வந்தாலும் போதும், பார்வை திரும்பி வராது. ஆர்க் கண்ணாடி அந்த அலைநீளத்துக்குப் பண்ணினது இல்ல. லேசர் கண்ணாடியில எந்த அலைநீளத்துல இருந்து எது வரைக்கும்னு நானோமீட்டர்ல அச்சடிச்சிருக்கும். மிஷின் தகட்டுல 1080 போட்டிருந்தா அது அந்த எல்லைக்குள்ள வரணும். ஓ.டி (ஒளியை எவ்வளவு தடுக்கும்ங்கற அளவு) 6க்குக் குறையக் கூடாது. நீ மட்டும் போட்டாப் போதாது, அந்த ரூம்ல நிக்கிற எல்லாரும் போடணும். வாசல்ல லேசர் ஸ்கிரீன் தொங்க விடச் சொல்லு.

#18 பாலிடெக்னிக்_பையன்

சரிங்ணா, நாளைக்கே சொல்றேன். இன்னொண்ணு: கிளிப் ஒண்ணு குடுத்திருக்காங்க, அதை எப்பவும் டார்ச் நாசில்லயே மாட்டி வெச்சிருக்காங்க. அது எதுக்குங்ணா?

#19 கணபதி_ஆபரேட்டர்

அதை உடனே கழட்டு. அந்த கிளிப் ஜாப்ல (வெல்டு பண்ற பீஸ்ல) மாட்டறது. நாசில் ஜாப்பைத் தொட்டாத்தான் சர்க்யூட் சேரும், அப்பத்தான் லேசர் வரும். நாசில்லயே மாட்டிட்டா டார்ச் எந்தப் பக்கம் திரும்பி இருந்தாலும் ட்ரிக்கர் அமுக்கினா ஒளி வந்துரும். ஜாப்ல மாட்டி, டார்ச்சைத் தூக்கிப் பிடிச்சு, யாரும் இல்லாத சுவர்ப் பக்கம் காட்டி, கண்ணாடி போட்டுட்டு ட்ரிக்கரை அமுக்கிப் பாரு. வரக் கூடாது. வந்தா மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு சர்வீஸ்காரங்களைக் கூப்பிடு.